சாய்த்து வைத்த சம்பங்கி

பூவைக் காம்போடு அறுத்துத் தண்ணீரில் நிறுத்தி வைப்பார்கள் என்பதே கல்யாணமாகி வேலம்பாளையம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊரில் பூ என்றால் தொடுத்த பூதான். தலையில் வைப்போம், இல்லையென்றால் படத்துக்குப் போடுவோம். ஊரில் எங்களைப் போல ஏசுவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம். ஆலயமென்று தனியாகக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து ஜெபம் நடக்கும். வேதாகமம் வைத்த முக்காலியின் மேல் என் அம்மா ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி வைப்பாள். ஜெபம் முடிந்ததும் அதைத் துண்டு துண்டாகக் கிள்ளி, வந்திருக்கிற பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள். மாட்டுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டதென்று எல்லோரும் தலையில் பூவோடு ஓடுவார்கள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். கம்பெனிக்குக் கூப்பிடு தூரத்தில், வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டியிருந்த காலனியில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் சுவரை ஒட்டினாற்போல ஆலயம். அதுவும் ஓட்டுக் கட்டடம்தான். கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல், பீடத்துக்கு மேலே சுவரில் ஒரு மரச் சிலுவை. வாரம் முழுக்க மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நின்ற பிறகுதான் காலனியில் காக்கை கத்துவதே காதில் விழும்.

ஆலயத்துச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. பக்கத்து வீடு என்பதால் எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்களிடமும் அது அப்படித்தான் இருந்ததாம். சனிக்கிழமை திறந்து கூட்டிப் பெருக்க வேண்டும். ஞாயிறு காலையில் திறந்து மணி அடிக்க வேண்டும். புதுப்பெண்ணான எனக்கு அந்தச் சாவி பெரிய கௌரவமாக இருந்தது. யாரையும் தெரியாத இடத்தில், மணி அடிக்கிற பெண் என்று எல்லோருக்கும் என்னைத் தெரிந்தது.

பூ வைக்கிற வேலை உபதேசியாரின் மனைவியுடையது. பாதிரியார் திருப்பூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர் உபதேசியார். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். அவர் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். சின்ன வயதில் கோயமுத்தூரில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீட்டில் வேலை பார்த்தவர். ஜாடியில் பூ வைப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். நடுவில் ஒரு தண்டு நேராக, இரண்டு பக்கமும் வரவரச் சாய்ந்துகொண்டே போய், கடைசித் தண்டுகள் கிட்டத்தட்டப் படுத்தாற்போல இருக்கும். பார்ப்பதற்கு மயில் பாதித் தோகை விரித்தது மாதிரி. காம்பின் அடியைச் சாய்வாக வெட்டுவார். உப்புத் தண்ணீரில் வைக்க விடமாட்டார். காலனியில் குடிப்பதற்கே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடப்போம். அதில் ஒரு சொம்பு பூவுக்குப் போவதைப் பார்த்துச் சில பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் முன்னால் யாரும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவருடைய மகன். ஒரே பையன். கட்டிங் மாஸ்டராகக் கைதேர்ந்து வரும்போது காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் பித்தளை ஜாடி அவன் வாங்கி வந்தது. அவன் இருந்தபோது ஞாயிறு விடியலிலேயே சைக்கிளில் ஒரு தோட்டத்துக்குப் போய், கிணற்றோரம் வளர்ந்திருக்கும் நிலச்சம்பங்கியைத் தண்டோடு அறுத்துக்கொண்டு வருவானாம். ஆராதனைக்குச் சற்று முன்பு அம்மா அதை ஜாடியில் வைப்பாராம். ஆராதனை முடிந்ததும் தண்டுகளை நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிடுவாராம். அவன் இறந்து ஒரு வருஷம் பீடத்தில் பூவே இல்லை. நான் அங்கே வந்த சமயத்தில்தான் மறுபடியும் ஆரம்பித்தார். இப்போது பூ கொண்டுவர ஆள் இல்லை. தோட்டக்காரர் சனிக்கிழமை திருப்பூர் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவார். அதனால் அந்த அம்மா சனி சாயங்காலமே ஜாடியில் வைத்துவிடுவார். அவர் வெளியே வந்ததும் நான் கதவைப் பூட்டுவேன்.

முதல் ஞாயிறு காலை நான் திறந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்துவிட்டுப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உள்ளே வந்து பீடத்துக்கு முன்னால் நின்றார்.

"கண்ணு, பூவத் தொட்டயா?" என்றார்.

"இல்லீங்கம்மா."

"பரவால்ல, சொல்லு. வேற மாதிரி வெச்சா நல்லாருக்கும்னு உனக்குத் தோணியிருக்கும். இனி எங்கிட்டச் சொல்லிட்டுச் செய்யி."

"நான் தொடவே இல்லீங்கம்மா."

அவர் ஓரத் தண்டுகளைப் பிடித்துக் கீழே சாய்த்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். முந்தின நாள் படுத்தாற்போல இருந்த தண்டுகளின் நுனிகள் எல்லாம் மேலே பார்த்து வளைந்து நின்றன. இரண்டு பக்கமும் சேர்ந்து காங்கேயம் காளையின் கொம்பு மாதிரி இருந்தது. அவர் சாய்க்கச் சாய்க்க, தண்டு சாய்ந்தது. நுனியின் வளைவு மட்டும் நிமிரவில்லை.

அடுத்த வாரமும் அதேதான். மூன்றாவது வாரம் அவர் சனிக்கிழமையே ஒரு காரியம் செய்தார். பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட நூலை எடுத்துவந்து, ஓரத் தண்டுகளை ஜாடியின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் பூட்டினேன். காலையில் திறந்தபோது முடிச்சு போட்டபடியே இருந்தது. முடிச்சுக்கு மேலே இருந்த நுனிகள் எழுந்து நின்றன.

அன்றைக்கு ஆராதனை முடிந்து பெண்கள் எல்லோரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் என் எதிரில் வந்தார். குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் இன்னும் ஆழமாக இறங்கும்.

"இது உங்க ஊட்டு ஜாடி இல்ல கண்ணு. என்ற பையன் வாங்கியாந்தது. அதுல கை வெக்கோணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கட்டி வெச்சதக்கூட உட மாட்டீங்கறயே, உனக்கு நான் என்ன பண்ணுனேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கணவர் சாப்பிடும்போது சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"உட்டுத்தள்ளு. சாவியக் குடுத்துரலாம். நமக்கு எதுக்கு ஊரு பேச்சு?" என்றார்.

"நீங்களும் நான்தான் தொட்டேன்னு நெனைக்கறீங்ளா?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். "நான் அப்படிச் சொல்லல. ஆனா யாருமே தொடலீன்னா பூவு எப்படித் தானா திரும்பும்?"

அவர் நல்ல மனிதர். ஆனாலும் வாசலில் அந்த அம்மா சொன்னதைவிட, சோற்றைப் பிசைந்துகொண்டே இவர் கேட்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மறுநாள் காலையில் சாவியைக் கொண்டுபோய் உபதேசியார் வீட்டில் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை அவரே பெருக்கி, அவரே பூ வைத்து, அவரே பூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஞாயிறு விடிந்து, நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அவர் ஆலயத்திலிருந்து வெளியே வந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சாவி இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு," என்றார். "நீ ஜன்னல் வழியா உள்ள வந்தயா?"

"ஜன்னல்ல கம்பி இருக்குதுங்களேம்மா."

"ஆமா. கம்பி இருக்குது." அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். வாசலில் ஈரத்திலேயே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. "அப்ப நீ இல்ல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். எனக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு."

என்ன தெரிந்துபோயிற்று என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அவன் அப்படித்தான் கண்ணு. நான் வெச்சத வெச்ச எடத்துல இருக்க உடமாட்டான். சேர இங்க போட்டா அங்க நவுத்துவான். விளக்க எடத்த மாத்துவான். 'ஏஞ்சாமி இப்படிப் பண்றே'ன்னு கேட்டா, 'இப்படித்தானம்மா நல்லாருக்குது'ம்பான்."

அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஆலயத்தைத் திறப்பார். பூவுக்கு முன்னால் நின்று உதட்டுக்குள் ஏதோ பேசுவார். தண்டுகளை மறுபடி சாய்ப்பதை நிறுத்திவிட்டார். என்மேல் ரொம்பப் பிரியமாகிவிட்டார். ஒரு சனிக்கிழமை, மிஞ்சிய இரண்டு சம்பங்கித் தண்டுகளைக் கொண்டுவந்து, "உனக்குத்தான் கண்ணு, ஊட்டுல வெச்சுக்க" என்று கொடுத்தார்.

நான் அதை அகலவாய்க் கண்ணாடிச் சீசா ஒன்றில் போட்டு அடுப்படி மாடத்தில் வைத்தேன். வாய் பெரியதாக இருந்ததால் இரண்டு தண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. மறுநாள் காலையில் காப்பி போடும்போது தலையைத் தூக்கினேன். இரண்டின் நுனிகளும் எழுந்திருந்தன. எங்கள் வீட்டுக்குள், எங்கள் மாடத்தில், நான் பார்க்கிற தூரத்தில். வெறும் சீசாவும் தண்ணீரும்தான்.

முதலில் பயந்தேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்புகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நிழலில் முளைத்த செடி வெயில் பக்கம் சாய்வதை ஊரில் பார்த்திருக்கிறேன். ஒரு தண்டை எடுத்து, எழுந்திருந்த நுனி கீழே பார்க்கும்படி திருப்பி வைத்து, சீசாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் இருட்டில் தள்ளினேன். அங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் வராது. சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது அந்த நுனி மறுபடி மேலே திரும்பிக்கொண்டிருந்தது. தண்டு இப்போது இரண்டு வளைவோடு பாம்பு மாதிரி இருந்தது. கீழ் மொட்டுகள் அறுத்த அன்றைக்கே விரிந்தவை. அடுத்தடுத்து மேலே உள்ள மொட்டுகள் விரிந்துகொண்டே வந்தன. செடியில் இருந்தால் எப்படி விரியுமோ அப்படியே. தன்னை அறுத்துவிட்டார்கள் என்பதே அதற்குத் தெரியாதது போல இருந்தது.

அன்றைக்குக் கணவர் வந்ததும் சீசாவைக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அட, தானாத்தான் திரும்புது," என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு நான் கேட்டத மனசுல வெச்சுக்காத," என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

ஆனால் அந்த அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று போனேன். பூவுக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. இதற்குள் காலனியில் பேச்சு பரவிவிட்டது. செத்த பையன் ஆலயத்துக்குள் நடமாடுகிறான் என்று சொல்லிச் சிலர் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் உபதேசியார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்முணி, உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காத. அந்தப் பூவ நீ எதாச்சும் பண்ணுனயா? பண்ணியிருந்தாச் சொல்லீரு. நான் கோவிச்சுக்க மாட்டேன். பண்ணியிருந்தா எனக்கு நிம்மதியாக்கூட இருக்கும்."

"ஏனுங்கய்யா?"

"ஊட்டுல அவ மூணு தட்டு வெச்சுச் சோறு போடறா."

வருகிறவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளிய மனிதர், தன் வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் வந்து நிற்கிறார். ஒரு கணம் எனக்கு, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்த அம்மா என்னை வெறுப்பார், மூன்றாவது தட்டு போய்விடும். ஆனால் ஜன்னலில் கம்பி இருந்தது. சாவி அவரிடம் இருந்தது. அந்தப் பொய் நிற்காது. நின்றாலும் அவரை அப்படி ஏமாளியாக்க எனக்கு மனமில்லை.

உபதேசியாரை உள்ளே கூப்பிட்டு, மாடத்தில் திரும்ப வைத்திருந்த சீசாவைக் காட்டினேன். பூ வாடியிருந்தாலும் தண்டின் வளைவு அப்படியே இருந்தது. நான் செய்து பார்த்ததை எல்லாம் சொன்னேன். மாடத்துக்கு முன்னால் குனிந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் சொன்னா அவ நம்ப மாட்டா," என்றார்.

"நீங்க சொல்ல வேண்டாங்கய்யா. அம்மாவ ஒருநாள் இங்க அனுப்புங்க. தோட்டத்துல இருந்து ஒரே ஒரு தண்டு மட்டும் வேணும்."

புதன்கிழமை காலை அந்த அம்மா வந்தார். கம்பெனியிலிருந்து பனியன் கட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஓரங்களில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கத்தரிக்க வேண்டும். கை உதவிக்குக் கூப்பிட்டதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தது. நான் அந்தத் தண்டைச் சீசாவில் போட்டு, சுவரோரம் ஸ்டூலில், அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன். எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்த்து வைத்தேன். நுனிக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன்.

"எதுக்குக் கண்ணு கோடு?" என்றார்.

"சும்மாத்தானுங்கம்மா. பாத்துட்டே இருங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் பிசிறு வெட்டினோம். மடித்து அடுக்கினோம். கம்பெனிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டோம். நுனி எழுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது. ஒரு பனியனை வெட்டி மடித்து வைத்துவிட்டுப் பார்த்தால் முன்பிருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் இருக்கும். வெயில் இறங்கும் நேரத்துக்கு நுனி கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது.

அவர் கத்தரியை எப்போது கீழே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. பனியன் மடியில் கிடந்தது.

"இங்க யாரும் வல்ல," என்றார்.

"இல்லீங்கம்மா. நாம ரெண்டு பேருதான்."

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க தண்டு குடுத்தீங்கல்ல, அப்பங்க."

"அன்னைல இருந்து தெரிஞ்சும் சொல்லல."

"எப்படிச் சொல்றதுன்னு தெரீலீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய், தண்டின் நுனியில் ஒரு விரலை வைத்து மெல்லக் கீழே அமுக்கினார். விரலை எடுத்ததும் அது பழையபடி எழுந்து நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி நின்றது.

"கோயமுத்தூரு ஆஸ்பத்திரில," என்றார் முகத்தைத் திருப்பாமல், "கடேசீல அவனால எந்திரிச்சு உக்கார முடியாது. ஆனா கதவுகிட்ட யாரோட கால் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்குவான். நர்சு வந்தாத் தூக்குவான். பக்கத்துப் படுக்கைக்கு யாராச்சும் வந்தாலும் தூக்குவான். டாக்டரு அசைய வேண்டாம்னு சொன்னாரு. நான் தலைமாட்டுலயே உக்காந்துட்டு, 'படு சாமி, படு சாமி'ன்னு நெத்தில கை வெச்சு அமுக்குவேன். கையெடுத்தா மறுபடியும் தூக்குவான். ஒருக்கா எனக்கு அலுத்து வேசடையாப் போயிக் கொஞ்சம் பலமாவே அமுக்கிட்டேன். அதுக்கப்பறம் அவன் தூக்கல."

நான் பனியனைத் தள்ளிவிட்டு எழுந்து பக்கத்தில் போனேன்.

"அதுக்கு மக்காநாள்தான் போனான். நான் அமுக்குனதுனால இல்ல. அது எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னாரு. உபதேசியாரும் சொன்னாரு. ஆனா யாரு சொல்லி என்ன? அந்தக் கை என்ற கைதான்."

உள்ளங்கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அழுதார். ரொம்ப நேரம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்திருந்தேன். மகன் இறந்தபோதுகூட அவர் அழவில்லை என்று காலனியில் பெருமையாகச் சொல்வார்கள். விசுவாசம் அப்படி என்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பீடத்தில் பூ இல்லை. அந்த அம்மா ஆராதனைக்கும் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கு உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. உபதேசியார் பிரசங்கத்துக்கு நடுவில் இரண்டு தடவை வார்த்தையை மறந்து நின்றார். அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவராகவே போகிற போக்கில் சைக்கிளை நிறுத்தி, "இப்ப ரெண்டு தட்டுதான் அம்முணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூன்றாவது தட்டை எடுத்து வைப்பது அவருக்கும் லேசாக இருந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அந்த அம்மா கையில் சம்பங்கிக் கட்டோடு நின்றார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்க. வா, தொறந்து உடு."

உள்ளே போய் ஜாடியைக் கழுவினோம். நல்ல தண்ணீர் நான் கொண்டுவந்தேன். அவர் காம்புகளைச் சாய்வாக வெட்டி, ஒவ்வொன்றாக நேராக நிறுத்தினார். தோகை இல்லை, விசிறி இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாக நின்றன. எனக்கு அது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை. பழையபடி வைக்கலாமே என்று கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு," என்றார். "அது நிக்கோணும்னு பாக்குது. நாம எதுக்கு அதப் படுக்க வெக்கோணும்?"

மறுநாள் ஆராதனை முடிந்து வாசலில் பெண்கள் கூடியபோது அவர் படியில் நின்றுகொண்டு எல்லோரையும் கொஞ்சம் இருக்கச் சொன்னார். "அன்னைக்கு உங்க எல்லாத்துக்கு முன்னாலயும் இந்தப் புள்ளய நான் ஒரு பேச்சுப் பேசுனேன். இவ பூவத் தொடல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்," என்றார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி, ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவரின் மனைவி, "அப்பறம் யாருங்கம்மா திருப்புனது?" என்று பயத்தோடு கேட்டாள்.

"யாரும் இல்ல. அது தானாத் திரும்பும்."

"தானாவா? அறுத்த பூவா?"

யாரும் நம்பவில்லை. அந்த அம்மா ஜாடியிலிருந்து ஆளுக்கொரு தண்டை உருவிக் கொடுத்து, வீட்டில் போய்ச் சாய்த்து வைத்துப் பாருங்கள் என்றார். அந்த வாரம் காலனி முழுக்க அடுப்படிகளில் சீசாக்களும் சொம்புகளுமாகச் சம்பங்கி கிடந்தது. தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது பேச்சு அதைப் பற்றித்தான். ஆவி என்ற பேச்சு அதோடு நின்றுபோயிற்று. பிள்ளைகள் மறுபடி ஆலயத்து வாசலில் விளையாட வந்தார்கள்.

எழுபதுகளில் கணவர் இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மிஷின் போட்டு, நாங்கள் திருப்பூருக்கே வீடு மாறிப் போகிறவரை, சனிக்கிழமைப் பூ வேலை எங்கள் இருவருடையதாக இருந்தது. தோட்டக்காரர் வராத நாட்களில் நாங்களே நடந்து போய் அறுத்துக்கொண்டு வருவோம். வழியெல்லாம் அந்த அம்மா பேசுவார். அதுவரை ஜாடி வாங்கித் தந்தவன், பூ கொண்டுவந்தவன் என்பதற்கு மேல் மகனைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எல்லாம் சொன்னார். சைக்கிள் பழகி முள்வேலியில் விழுந்தது, முதல் முதலாகத் துணி வெட்டப் பழகியபோது அப்பாவின் வேட்டியை வெட்டிவிட்டது, பாட்டு பாடும்போது ராகம் தப்பினாலும் நிறுத்தாமல் சத்தமாகவே பாடுவது. சொல்லும்போது சில நாள் சிரிப்பார், சில நாள் நடுவில் நிறுத்திவிட்டுப் பேசாமல் நடப்பார். நான் எதுவும் கேட்க மாட்டேன். நான் ஒரு தடவைகூடப் பார்க்காத அந்தப் பையனுக்கு முருங்கைக்கீரை பிடிக்காது என்பதும், அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அம்மா பார்க்காத நேரத்தில் அப்பாவின் தட்டில் தள்ளிவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும்.